பெயர் போடுங்கள்

சிதம்பரம் கோயிலுக்கு வடக்கு வாசல் வழியாக வருகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடியே உள்ளே போய்விடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் போய்வந்தேன். வாயிலுக்குள் இருக்கும் சிறிய உருவங்களை ஒருநாள் கைபிடித்து நிறுத்திக் காட்டியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். கிருஷ்ணதேவராயர் 1516-ஐ ஒட்டி எழுப்பிய கோபுரம் அது. அவருடைய சிலையும் அங்கே மாடத்தில் கைகூப்பி நிற்கிறது. அதே வாசலில் கோபுரத்தைக் கட்டிய சிற்பிகள் நால்வரின் உருவங்களும் இருக்கின்றன. பக்கத்தில் தமிழில் பெயர்கள்: விருத்தகிரி சேவகப்பெருமாள், அவர் மகன் விசுவமுத்து, திருப்பிறைக்கோடை ஆசாரி திருமருங்கன், அவர் தம்பி காரணாசாரி. விருத்தகிரி என்றால் விருத்தாசலம், நம் கடலூர் மாவட்டத்து ஊர். ஐந்நூறு வருடம் கழித்தும் ஒரு விருத்தாசலத்துக்காரரின் பெயரையும் அவர் பிள்ளையின் பெயரையும் வாய்விட்டுப் படிக்க முடிகிறது. அரசன் நிற்கும் வாசலிலேயே ஆசாரிக்கும் இடம் இருந்திருக்கிறது.

அந்த நால்வரும் கூலி பெற்றவர்கள். தொழில் அது, பெயரும் அதோடு சேர்ந்து வந்தது. யாரும் கேட்காமல், யாரும் கொடுக்காமல், பிடித்துப்போன ஒரே காரணத்துக்காகச் செய்கிறவர்களின் கதை வேறு. கடலூரிலிருந்து காட்டுமன்னார்கோயில் வரை எனக்குத் தெரிந்து அப்படிப்பட்டவர்கள் நிறைய பேர். பொன்னியின் செல்வன் பாத்திரங்களை நோட்டு நோட்டாக வரைகிறவர், பழைய பாட்டுக்கெல்லாம் புல்லாங்குழலில் இன்னொரு உயிர் கொடுத்துப் போனில் பதிவு செய்கிறவர், பிடித்த நடிகரின் காட்சிகளை ராத்திரி முழுக்க வெட்டி ஒட்டி மூன்று நிமிட எடிட் செய்கிற பையன், அச்சில் இல்லாத நூலை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து பொதுவில் வைக்கிறவர். இவர்களை ரசிகப் படைப்பாளிகள் என்று சொல்லலாம். இன்னொருவர் படைத்ததன்மேல் கொண்ட ஆசையிலிருந்து பிறக்கிற படைப்பு இவர்களுடையது.

இவர்கள் அங்கீகாரம் எதிர்பார்க்கலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இரண்டு பதில்கள் கேட்கும். “ஆசைக்குத்தானே செஞ்சே, அப்புறம் பேரு என்னத்துக்கு?” என்பது ஒன்று. “ராவும் பகலும் உழைச்சவனுக்குப் பேரு கூடக் கிடையாதா?” என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு பேரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதில்லை. அங்கீகாரம் என்ற சொல்லுக்குள் பெயர், பாராட்டு, சன்மானம் என்று மூன்று பொருள்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. மூன்றையும் பிரித்து வைத்துவிட்டால் பாதிச் சண்டை தீரும் என்பது என் எண்ணம். பாராட்டை யாரும் உரிமையாகக் கேட்க முடியாது. பெயரைக் கேட்கலாம். சன்மானம், அந்தப் படைப்பை வைத்து வேறு யாராவது காசு பார்க்கிறார்களா என்பதைப் பொறுத்தது. இந்த எண்ணம் நிற்கிறதா என்று நம் மண்ணின் கதைகளிலேயே உரசிப் பார்க்கலாம்.

கடலூர் மாவட்டத்துக்காரன் இதைப் பேசும்போது வள்ளலாரைத் தாண்டிப் போக முடியாது. சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் 1823-ல் பிறந்து, கருங்குழியிலும் வடலூரிலும் வாழ்ந்த இராமலிங்கர் தம் பாடல்களை அச்சிடும் எண்ணமே இல்லாமல் பாடிக்கொண்டிருந்தார். அவற்றைத் திரட்டி நூலாக்கியது முழுக்க முழுக்க அன்பர்களின் வேலை. இறுக்கம் இரத்தின முதலியார் பாடல்களை அனுப்பித் தரச் சொல்லி வருடக்கணக்காக மன்றாடினார். பாடல்கள் கைக்கு வரும்வரை ஒரு நாளைக்கு ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று சங்கற்பம் செய்துகொண்டு கடிதம் எழுதினார். அந்தப் பட்டினிக்கு மனமிரங்கித்தான் வள்ளலார் 1860-ன் கடைசியில் இசைவு தந்தார். பாடல்களை வகுத்து, முறைப்படுத்தி, பதிப்பித்தவர் தொழுவூர் வேலாயுத முதலியார். முதல் நான்கு திருமுறைகள் 1867-ல் வெளிவந்தன.

இங்கே பெயரைப் பற்றி நடந்த ஒன்றைக் கவனிக்க வேண்டும். தம் பெயரோடு ‘சாமி’ என்று சேர்த்து வழங்குவதில் தமக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று வள்ளலார் கடிதத்திலேயே எழுதிவிட்டார். அன்பர்களோ அவரைச் சும்மா விட மனமில்லாமல் ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்று நூலில் அச்சிட்டார்கள். அதைப் பார்த்து அவர் வருந்தியபோது, வேலாயுத முதலியார் அந்தச் சொல்லைப் பிரித்து, அருட்பிரகாச வள்ளல் யார் என்று கேட்பதாகவும் பொருள் கொள்ளலாமே என்று சமாதானம் சொன்னாராம். இது செவிவழிச் செய்தி. செய்தி எப்படியிருந்தாலும், இன்று உலகம் அவரை அழைப்பது அன்பர் வைத்த பெயரால்தான். அதே வேலாயுத முதலியார், பாடல்கள் எப்படிப் பாடப்பட்டன, எப்படித் திரட்டப்பட்டன, யார் யார் உதவினார்கள் என்பதையெல்லாம் ‘திருவருட்பா வரலாறு’ என்று செய்யுளாகவே பாடி நூலோடு சேர்த்தார். பாடியவர் தமக்கு அடைமொழி வேண்டாம் என்றார். திரட்டியவரோ, கைகொடுத்த எல்லோருடைய பெயரும் நிற்கட்டும் என்று எழுதி வைத்தார். எனக்கு இரண்டிலும் ஒரே நேர்மைதான் தெரிகிறது. அடைமொழியை மறுப்பது பணிவு. உழைத்தவர் பெயரைப் பதிவது கடமை. ஒருவருடைய பணிவைக் காட்டி இன்னொருவருடைய பெயரை அழிக்க முடியாது.

அன்பர்களின் உழைப்பு சும்மா போய்விடுவதில்லை என்பதற்கும் அந்த நூலே சாட்சி. அந்தப் பாடல்களை அருட்பா என்றும், அந்தத் தொகுதிகளைத் திருமுறை என்றும் வழங்கியதைத்தான் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கடுமையாக எதிர்த்தார். சைவத் திருமுறைகளுக்கு உரிய பெயரைப் புதுப் பாடல்களுக்கு வைக்கலாமா என்பது அவர் கேள்வி. கண்டனப் புத்தகங்கள் பறந்தன. 1869-ல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. வழக்கின் நேர்ப்பொருள் அவதூறு. ஆனால் பகையின் வேரில் இருந்தது அன்பர்கள் சூட்டிய அந்தப் பெயர்கள். ரசிகன் செய்கிற வேலையை விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் மஞ்சக்குப்பத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு படைப்பு வரலாற்றுக்குள் எந்தப் பெயரில், எந்த வடிவில் போகிறது என்பதை அவன் கை தீர்மானித்துவிடுகிறது. அவ்வளவு பொறுப்பு இருக்கிற வேலைக்கு ஆள் யார் என்று தெரியாமல் இருப்பது நல்லதல்ல. பெயர் போடுவது பெருமைக்கு மட்டும் இல்லை, நாளை ஒரு தவறு கண்டுபிடிக்கப்பட்டால் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகவும்தான்.

இன்னும் பின்னால் போனால், சைவ, வைணவப் பெருந்தொகுப்புகள் இரண்டும் இதே வட்டாரத்துக் கதைகள். காட்டுமன்னார்கோயிலுக்குப் பழைய பெயர் வீரநாராயணபுரம். அங்கே பிறந்த நாதமுனிகள், வந்தவர்கள் பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டு மயங்கி, மிச்சத்தைத் தேடிப் புறப்பட்டார். நாலாயிரமும் கிடைத்தது. அதற்குப் பக்கத்துத் திருநாரையூரில் பிறந்தவர் நம்பியாண்டார் நம்பி. சிதம்பரம் கோயில் அறையில் கறையான் அரித்துக் கிடந்த தேவார ஏடுகளை மன்னனின் துணையோடு மீட்டவர் என்று உமாபதி சிவம் பாடுகிறார். மீட்டவர்களின் பெயர் நமக்குத் தெரியும். அந்த ஏடுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்தெழுதிய கைகள் யாருடையவை? ஒரு பெயரும் இல்லை. ஏடு எழுதியவனை நினைத்தால் எனக்கு மனம் கனக்கும். கறையான் பாட்டை மட்டும் தின்னவில்லை.

நம்பி வெறும் தொகுப்பாளர் மட்டும் இல்லை. சுந்தரர் திருவாரூரில் அடியார்களின் பெயரை வரிசையாக அடுக்கிப் பாடிய திருத்தொண்டத் தொகையை எடுத்து, ஒவ்வொரு அடியாருக்கும் ஒரு பாட்டாக விரித்தார். அதை எடுத்துக்கொண்டு சேக்கிழார் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் பெரிய புராணம் செய்தார். முதல் படைப்பின் மேல் ஆசை, அதன்மேல் இன்னொரு படைப்பு, அதன்மேல் மற்றொன்று. மூன்றாம் கையில் வந்த அந்தப் படைப்பு சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியது. அநபாய சோழன் சேக்கிழாரை யானைமேல் ஏற்றி, தானும் கூட அமர்ந்து கவரி வீசினான் என்பது புராணம். அரசன் கவரி வீசும் பேறு எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் சேக்கிழார் தம் நூலுக்கு முன்நூல் எது, அதற்கும் முன்நூல் எது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறார் என்பதுதான் நமக்கு இங்கே வேண்டியது.

தமிழ் இலக்கணத்துக்கு இதில் தெளிவான நடைமுறையே உண்டு. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்து, வழிநூல் செய்வதைக் குறைவாக எண்ணாத மரபு நம்முடையது. பவணந்தி முனிவரின் நன்னூல், சிறப்புப் பாயிரத்தில் இருக்க வேண்டியவை என்று எட்டைச் சொல்கிறது. அதில் முதலாவது செய்தவர் பெயர், இரண்டாவது அது எதன் வழி வந்தது என்பது. இந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உன் பெயரைச் சொல், உடனே யாரிடமிருந்து எடுத்தாய் என்பதையும் சொல். இந்தப் பாயிரத்தைப் பாட வேண்டியவரும் நூல் செய்தவர் இல்லை. அவருடைய ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரைகாரர் என்ற நால்வரில் ஒருவர். தன்னைத் தானே புகழ்வது எவ்வளவு பெரிய புலவனுக்கும் தகாது என்று சொல்லிவிட்டு, தன் ஆற்றலை அறியாதவர் நடுவிலும், எதிராளி பழிக்கும்போதும் போன்ற நான்கு இடங்களில் மட்டும் அதை அனுமதிக்கிறார் பவணந்தி. பெயர் கட்டாயம், புகழ் பிறர் வாயிலிருந்து வர வேண்டும், அந்த நான்கு இடங்களில் மட்டும் தானே வாய் திறக்கலாம். எழுநூறு எண்ணூறு வருடத்துக்கு முந்தைய இந்த ஏற்பாட்டைவிட நல்லதாக இன்றுவரை எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

என் சொந்த விஷயத்தைச் சொல்ல இதுதான் இடம். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950-லிருந்து 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. கதை தொடங்குவதே நம் ஊர் ஏரிக்கரையில்தான். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வீரநாராயண ஏரிக்கரையோடு போகிறான். எழுபத்துநான்கு கண்வாய்களில் தண்ணீர் சுழித்துப் பாய்கிறது. இன்று அது வீராணம். 2004 முதல் சென்னைக்குக் குடிக்கக் குழாயில் தண்ணீர் அனுப்புகிற ஏரி. பத்தாம் வகுப்பு விடுமுறையில் அந்தக் கதையைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு பித்து. வந்தியத்தேவன் போன வழியை இன்றைய ஊர்களோடு பொருத்திப் படம் வரைய வேண்டும் என்று. சைக்கிளில் கரை முழுக்கப் போனேன். கடம்பூர் மாளிகை இருந்த இடம் எது என்று கேட்டுத் திரிந்தேன். மேலக்கடம்பூரில் தேர் வடிவத்தில் இருக்கும் சிவன் கோயில் திண்ணையில் உட்கார்ந்து பென்சிலால் முதல் கோடு போட்டேன். வாய்க்கால், மதகு, இலுப்பைத் தோப்பு, கொள்ளிடத்துப் படகுத்துறை என்று சேர்த்துச் சேர்த்து நாலு வருடம் ஆயிற்று. பிறகு இந்தியன் இங்க்கில் ஏற்றி, பத்துப் பிரதி எடுத்து நண்பர்களுக்குக் கொடுத்தேன்.

சில வருடம் கழித்து ஒரு விழா மலரில் அந்தப் படம் நடுப்பக்கமாக வந்தது. நான் கொள்ளிடத்துக்குப் பக்கத்தில் தவறாக எழுதி, அடித்து, மேலே திருத்திய எழுத்து உட்பட அப்படியே அச்சாகியிருந்தது. வலது மூலையில் இருந்த என் பெயர் மட்டும் இல்லை. அந்த இடம் வெள்ளையாக இருந்தது. யாரோ ஒருவர் உட்கார்ந்து அதைக் கவனமாக அழித்திருக்கிறார். கேட்டபோது, “நீங்க பொழுதுபோக்குக்கு வரைஞ்சதுதானே சார், கல்கி கதைதானே” என்று பதில் வந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பணம் கேட்கவில்லை. மேடையில் பொன்னாடை கேட்கவில்லை. அந்த நாலு வருட வெயில் என்னுடையது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

ஆனால் அந்தப் பதிலின் இரண்டாம் பாதி என்னைக் குடைந்தது. கல்கி கதைதானே? உண்மைதான். என் படத்தில் கல்கியின் பெயர் எங்கே இருந்தது? தலைப்பில் இருந்தது. மணியத்தின் பெயர்? இல்லை. வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் ஆழ்வார்க்கடியானுக்கும் முகம் கொடுத்தவர் தொடருக்குப் படம் வரைந்த மணியம். என் படத்தின் ஓரத்தில் குதிரைமேல் உட்கார்ந்திருந்தவன் மணியத்தின் வந்தியத்தேவன்தான். பார்த்து வரைந்தேன், பெயர் போடவில்லை. பெயருக்காகத் தூக்கம் கெட்டவன், பெயர் கொடுக்க மறந்திருந்தேன். இன்றைக்கும் பொன்னியின் செல்வன் ஓவியம் போடுகிற பெரும்பாலானவர்களின் கோட்டில் மணியம் இருக்கிறார், ஓரத்தில் பெயராக இல்லை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று விசாரித்தேன். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்து அறுபது ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். அவருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கிவிட்டதால் அந்த அறுபது ஆண்டு முடியும் முன்பே எல்லோருக்கும் திறந்துவிட்டது. விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்றும், அனுஷா வெங்கடேஷ் ‘காவிரி மைந்தன்’ என்றும் கதையைத் தொடர்ந்து எழுதியதுபோல, நாளை எந்த ஊர்ப் பிள்ளையும் தயங்காமல் தொடரலாம். ஆனால் மணியத்தின் ஓவியங்கள் நாட்டுடைமையானவை அல்ல. கதை பொது, முகம் பொது இல்லை. அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும்கூட ‘இது நான் செய்தது’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரிடமே இருக்கும் என்கிறது. இதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. பொழுதுபோக்குக்குச் செய்தாயா, பிழைப்புக்குச் செய்தாயா என்று சட்டம் கேட்பதில்லை. என் வரைபடத்தில் என் உழைப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு நான் பெயர் கேட்கலாம்.

மூலம் இன்னும் உரிமையில் இருந்தால் நிலைமை வேறு. ஜெயகாந்தன் மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்தவர், 2015-ல் மறைந்தார். அவருடைய கதைமாந்தரை வைத்துக் கதை எழுதி அச்சிட 2075 முடியும்வரை உரிமையாளரின் சம்மதம் வேண்டும். இதில் ஒரு அழகான செய்தி இருக்கிறது. 1966-ல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையின் முடிவை ஏற்றுக்கொள்ளாமல் வாசகர்கள் கொதித்தார்கள். மகள்மேல் தண்ணீரை ஊற்றி நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொன்ன அந்தத் தாய், அப்படிச் சொல்லாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜெயகாந்தனே யோசித்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார். அதில் அந்த மகள் கங்கா, தன் கதை வேறு முடிவோடு ஒரு பத்திரிகையில் வந்திருப்பதைப் படிக்கிறாள். அதை எழுதிய எழுத்தாளரும் நாவலில் ஒரு பாத்திரமாக வருகிறார். ரசிகர்கள் வழக்கமாகச் செய்கிற ‘இப்படி நடந்திருந்தால்’ என்ற வேலையை மூல ஆசிரியரே செய்தார், அதற்கு 1972-ல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் பிறந்த புதுமைப்பித்தனும் 1943-ல் இதே வேலையை இராமாயணத்தில் செய்தார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னார்கள் என்று கேள்விப்பட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். ‘சாபவிமோசனம்’ கதை அது. ஒருவர் சீதையின் தீக்குளிப்பைக் கதைக்குள் வைத்தார், இன்னொருவர் அதையே கதைக்குத் தலைப்பாக வைத்தார். கடலூரில் இரண்டு மைல் இடைவெளியில் பிறந்த இருவர் ஒரே பழங்கதையோடு இப்படி மல்லுக்கு நின்றது எனக்கு எப்போதும் வியப்புத்தான். புதுமைப்பித்தன் கதையின் முகப்பிலேயே ஒரு குறிப்பு வைத்தார். இராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப்பற்றித் தமக்குக் கவலையில்லை என்ற பொருளில். எங்கிருந்து எடுத்தேன் என்பதை மறைக்கவில்லை, பாராட்டையும் எதிர்பார்க்கவில்லை. ரசிகப் படைப்பாளி கற்றுக்கொள்ள வேண்டிய நிமிர்வு இது.

பெயர் விஷயத்தில் ஒழுங்காக நடந்துகொண்ட இடங்களும் உண்டு. சீவக சிந்தாமணியை 1887-ல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், 1924-லிருந்து 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் முதல்வராக இருந்தார். அவருடைய பதிப்புகளின் முன்னுரைகளைப் புரட்டிப் பாருங்கள். எந்த ஏடு எந்த ஊர் யாரிடமிருந்து கிடைத்தது என்று வரிசையாக இருக்கும். ஏடு கொடுத்தவரில் பலர் படிக்கத் தெரிந்து கொடுக்கவில்லை, பரணில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தவர்கள். அவர்களுக்கும் அங்கே பெயர் உண்டு. அதே மனப்பான்மையை நூறு வருடம் கழித்து மதுரைத் திட்டத்தில் பார்க்கிறேன். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் முதலான தமிழர்கள் தொடங்கிய வேலை அது. உலகத்தின் பல மூலைகளில் இருந்தவர்கள் சம்பளமில்லாமல் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள். தேவாரம், திருவருட்பா, பொன்னியின் செல்வன் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு நூலின் தலையிலும் தட்டச்சு செய்தவர் யார், பிழை திருத்தியவர் யார் என்று இருக்கும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், பகிரலாம், இந்தத் தலைப்பக்கத்தை மட்டும் நீக்கக் கூடாது என்பது ஒரே நிபந்தனை. ஏடு பெயர்த்தெழுதிய கைகளுக்கு ஆயிரம் வருடம் கழித்துக் கிடைத்த நியாயமாகவே இதை நான் நினைக்கிறேன். அந்த ஒரு பக்கத்தையும் வெட்டி எறிந்துவிட்டு மின்நூலாக விற்கிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. கேட்டது ஒரு பக்கம், அதைக் கொடுக்கக்கூட மனமில்லை.

காசு நுழையும் இடம் இதுதான். மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ படம் 2022 செப்டம்பரில் வந்த பிறகு வீராணம் கரைக்கு வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள். படத்துக்குத் திரைக்கதை எழுதிய மூவரில் ஒருவர் குமரவேல். 1999-லேயே சென்னையில் மேஜிக் லான்டர்ன் குழுவுக்காக இதே கதையை நாடகமாக்கியவர். மேடையில் ஆசைப்பட்டுச் செய்தது, இருபத்துச் சொச்சம் வருடம் கழித்துப் பெரிய திரையில் எழுத்துப் போடும்போது பெயராக வந்தது. மகிழ்ச்சியான விஷயம். எல்லோருக்கும் அது நடக்காது. ஆனால் ஒரு ரசிகர் வரைந்ததை டி-சர்ட்டில் அச்சடித்தோ, சுற்றுலாக் கையேட்டில் போட்டோ விற்கிறவர் அவருக்குப் பங்கு கொடுக்க வேண்டும். விற்காதவரிடம், வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்கிறவரிடம் காசு கேட்பது சரியில்லை. இதில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை.

பாராட்டைப் பற்றித்தான் யோசிக்க நிறைய இருக்கிறது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு, வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்னாலேயே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்கு, சொல்லாமல் வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவதற்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் தாமாக வரைவது குறைந்துபோயிருந்தது. எதிர்பாராமல் பெற்றவர்களிடமும், ஒன்றும் பெறாதவர்களிடமும் அந்தக் கெடுதல் இல்லை. பரிசு கெடுக்கவில்லை, பரிசின் மேல் வைத்த கண்தான் கெடுத்தது. இதை என் வாழ்க்கையிலும் பார்த்தேன். மலர் சம்பவத்துக்குப் பிறகு இரண்டாவதாக ஒரு படம் வரைய உட்கார்ந்தேன், பழையாறை வரை. யார் பார்ப்பார்கள், எத்தனை பேர் பகிர்வார்கள் என்று மனம் ஓடியது. கோடு ஓடவில்லை. அந்தத் தாள் இன்னும் பாதியில் சுருட்டிக் கிடக்கிறது.

இதற்கு மருந்தைச் சிதம்பரத்திலேயே பார்த்தேன். 1981-லிருந்து மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. எங்கெங்கிருந்தோ வந்து ஆடுகிறார்கள். ஊதியத்துக்காக வருவதில்லை, நடராசர் ஊரில் ஒருமுறை ஆடிவிட வேண்டும் என்று வருகிறார்கள். ஒரு ராத்திரி, பத்து மணிக்கு மேல், கூட்டம் கலைந்துகொண்டிருந்த நேரம். முன்வரிசையில் நான்கைந்து பேர்தான். ஒரு சிறுமி ஆடினாள். வேர்வையில் நெற்றிச்சுட்டி நழுவி வந்தது, ஒதுக்கிக்கொண்டே ஆடினாள். கைதட்டல் சொற்பம். ஆட்டம் முடிந்ததும் அறிவிப்பாளர் கையிலிருந்த தாளைப் பார்த்து நிதானமாகப் படித்தார். ஆடியவர் பெயர், குரு பெயர், நட்டுவாங்கம் யார், பாட்டு யார், மிருதங்கம் யார், வயலின் யார். கூட்டம் இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஓரத்தில் நின்ற அந்தக் கலைஞர் கைகூப்பினார். பாராட்டு கிடைக்காத அந்த ராத்திரியிலும் பெயர் தவறவில்லை. எதிர்பார்ப்பு என்ற சொல்லுக்கு அங்கேதான் எனக்கு அளவு கிடைத்தது. கைதட்டலை எதிர்பார்த்து வந்தவள் அன்று நொந்திருப்பாள். பெயரை எதிர்பார்த்தவளுக்கு ஒரு குறையும் இருந்திருக்காது.

வெளியுலகத்திலும் இதே மூன்றும் தனித்தனியாகத்தான் நடக்கின்றன. டோக்கியோவில் 1975-ல் முப்பத்திரண்டு குழுக்களோடு தொடங்கிய காமிக் மார்க்கெட்டில் ரசிகர்கள் தாங்களே வரைந்த புத்தகங்களை விற்கிறார்கள். இன்று அது லட்சக்கணக்கானவர் கூடும் சந்தை. மூலப் பதிப்பகங்கள் பெரும்பாலும் கண்டும் காணாமல் விடுகின்றன. அங்கே வளர்ந்த கைகள் பின்னால் தொழில்முறை ஓவியர்களானதும் உண்டு. 2019-ல், ரசிகர்கள் எழுதும் கதைகளைச் சேமிக்கும் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற களஞ்சியத்துக்கு அறிவியல் புனைகதை உலகின் ஹ்யூகோ விருதே கிடைத்தது. அதில் எழுதிய ஒவ்வொருவரும் தம்மை விருது பெற்றவர் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று பெரிய வாக்குவாதம் கிளம்பியது. விருது களஞ்சியத்துக்கு, தனித்தனி எழுத்தாளருக்கு இல்லை என்று அமைப்பாளர்கள் விளக்க வேண்டியதாயிற்று. பாராட்டைப் பங்கு போடும் இடத்தில் சண்டை வந்தது. கதைக்குக் கீழே பெயர் போடுவதில் அங்கே யாருக்கும் சண்டை இல்லை.

போன ஆடி மாதம் பக்கத்து வீட்டுப் பெண், ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறவள், என் வரைபடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பதினைந்து நாள் கழித்துப் பெரிய சார்ட் தாளோடு வந்தாள். ஏரியை நீலத்தில், மதகுகளைச் சிவப்பில் தீட்டியிருந்தாள். நான் விட்டுவிட்ட இரண்டு வாய்க்கால்களை அப்பாவோடு பைக்கில் போய்ப் பார்த்துச் சேர்த்திருந்தாள். கொள்ளிடத்துப் பக்கத்து என் தவறு சரியாகிவிட்டது. அடியில் மூன்று வரி: கதை கல்கி, குதிரைவீரன் மணியம் வரைந்ததைப் பார்த்து, முதல் வரைபடம் என்று என் பெயர்.

“உன் பேரு எங்கம்மா?”

“பார்த்து வரைஞ்சதுதானே மாமா. என் பேரு போடலாமா?”

புதிதாகச் சேர்த்த வாய்க்கால்களை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னேன். தொட்டாள். பேனாவைக் கொடுத்து, வலது மூலையில், ஏரியின் வால் முடிகிற இடத்துக்குக் கீழே, அவள் பெயரையும் தேதியையும் எழுதச் சொன்னேன்.